சர்க்காருக்காகச் சீட்டு எடுத்தது

திண்டிவனத்தில் நான் குமாஸ்தாவாக இருந்த ஆபீசில் என்னைப் பென்ஷன் செக்‌ஷனுக்கு மாற்றியபோது ஒரு நாற்காலியைக் கொடுத்தார்கள். எனக்கு முன்னால் அதில் உட்கார்ந்திருந்தவர் நீண்ட லீவில் போய்விட்டார். போகும்போது தன் குடை, டிபன் டப்பா, மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்த முருகன் படம் எல்லாவற்றையும் ஞாபகமாக எடுத்துக்கொண்டார். செய்த தப்புகளை மட்டும் எனக்கென்று விட்டுவிட்டுப் போனார்.

அறுபதுகளின் நடுவில் நடந்த விஷயம். ஆதரவு இல்லாத வயோதிகர்களுக்குச் சர்க்கார் மாதம் இருபது ரூபாய் பென்ஷன் கொடுக்கத் தொடங்கிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. பணம் மணியார்டரில் போகும். அந்த மணியார்டர் பாரங்களை எழுதுவது என் வேலை. எழுதி எழுதி நடுவிரலில் காய் காய்த்ததுதான் அந்த செக்‌ஷனில் என் மேல்வரும்படி. அதைப் பற்றி எனக்குக் குறை இல்லை. எனக்கு இருந்தது ஒரே ஒரு கவலை: புரொபேஷன் முடிகிற நேரம். வேலை நிரந்தரமாக வேண்டும். விழுப்புரத்தில் என் அப்பா, நான் பர்மனென்ட் ஆகிவிட்டதாக ஏற்கெனவே ஊரெல்லாம் சொல்லி, அந்த வார்த்தையின் பேரில் ஒரு பெண்ணையும் பேசி முடித்து வைத்திருந்தார். பெண்ணின் தகப்பனார் ரயில்வேயில் இருந்தவர். ஆர்டரைக் கண்ணால் பார்த்தால்தான் தாம்பூலம் மாற்றுவேன் என்று சொல்லிவிட்டார்.

இந்தச் சமயம் பார்த்து ஆடிட் வந்தது.

ஆடிட்காரர்கள் இரண்டு பேர். ஒருவர் பேசவே மாட்டார். இன்னொருவர் "ம்" என்பார். மூன்றாம் நாள் அந்த "ம்" என் மேஜைக்கு நேராக வந்து நின்றது. சற்று நேரம் கழித்து ஹெட் கிளார்க் என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்ப்பா, இந்தம்மாவுக்கு நாமும் பணம் அனுப்பறோம், விழுப்புரத்துல இருந்தும் பணம் போவுது. ஆறு மாசமா. ஒரு கெழவிக்கு ரெண்டு சர்க்காரா?"

"நான் இந்த சீட்டுக்கு வந்து அஞ்சு மாசம்தான் சார் ஆவுது."

"நாற்காலிக்கு ஆறு மாசம் ஆவுதில்ல?"

பைலை வாங்கிக்கொண்டு போய் முதலிலிருந்து புரட்டினேன்.

நடந்தது இதுதான். கிழவி திருவாமாத்தூர்ப் பக்கம் ஒரு குடிசையில் இருந்தவள். அதனால் பென்ஷன் விழுப்புரத்திலிருந்து வந்துகொண்டிருந்தது. ஒரு புயல் மழையில் குடிசை படுத்துவிட்டது. புருஷனும் பிள்ளைகளும் இல்லாத ஒண்டிக்கட்டை. கூட்டேரிப்பட்டுக்கு அருகில் ஒரு கிராமத்தில் இருந்த தன் ஓரகத்தி, அதாவது புருஷனுடைய அண்ணன் மனைவி, வீட்டோரம் ஒரு சாய்ப்பு இறக்கிக் கொடுத்ததால் அங்கே வந்து ஒண்டிக்கொண்டாள். அது திண்டிவனத்துக்கு உட்பட்ட ஊர். பென்ஷனையும் இங்கே மாற்றித் தரச் சொல்லி மனு கொடுத்தாள். விழுப்புரம் காகிதங்களை அனுப்பியது. எங்கள் ஆபீஸ் பணம் அனுப்பத் தொடங்கியது. "நாங்கள் ஆரம்பித்துவிட்டோம், நீங்கள் நிறுத்தலாம்" என்று விழுப்புரத்துக்கு ஒரு வரி எழுத வேண்டும். குடையையும் முருகனையும் மறக்காத மனுஷர் அந்த ஒரு வரியை மறந்துவிட்டார். விழுப்புரத்து மணியார்டர் பழைய ஊருக்குப் போயிற்று. அந்த ஊர்த் தபால்காரர் தங்கமான மனுஷர். பாவம் கிழவி என்று புது விலாசத்தைச் சிவப்பு மையில் எழுதி மாதாமாதம் திருப்பி அனுப்பி வைத்தார். ஆக, இதில் கெட்டவன் என்று ஒருவனும் இல்லை. அதுதான் பெரிய பேஜார். ஒரே ஒரு கெட்டவன் இருந்திருந்தால் அவன் தலையில் கட்டிவிட்டு நான் டீ குடிக்கப் போயிருப்பேன்.

கூடுதலாகப் போனது நூற்று இருபது ரூபாய். ஆடிட் சொன்னதும் இரண்டு ஆபீசிலும் அந்த மாதத்துப் பணத்தை நிறுத்தி வைத்துவிட்டார்கள். ஹெட் கிளார்க் விதியை எடுத்து வாசித்தார். கூடுதல் தொகை வசூலாகும்வரை பென்ஷனை நிறுத்தி வைக்க வேண்டும். தொகையை மாதாமாதம் பென்ஷனில் பிடித்துக்கொள்ளலாம்.

"நிறுத்தி வெச்ச பென்ஷன்ல எப்படி சார் பிடிக்கிறது?"

"அதான் சங்கடம்."

"பிடிச்சாத்தானே சார் பென்ஷன திறக்க முடியும்?"

"ஆமா."

"தொறந்தாத்தானே பிடிக்க முடியும்?"

"நல்லா புரிஞ்சிக்கினே. இதுக்குத்தான் அடுத்த பாரா. வசூல் ஆவலைன்னா சம்பந்தப்பட்ட ஊழியர் சம்பளத்துல பிடிக்கணும்."

"சம்பந்தப்பட்ட ஊழியர் யாரு சார்?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. நாற்காலியைப் பார்த்தார்.

சம்பளத்தில் பிடிப்பது பெரிதல்ல. பிடித்தால் அதைப் பணிப் பதிவேட்டில் தண்டனையாக எழுதுவார்கள். எழுதினால் பர்மனென்ட் ஒரு வருஷம் தள்ளிப்போகும். ரயில்வே மாமனார் ஒரு வருஷம் பிளாட்பாரத்தில் நிற்கிற ஆள் இல்லை. சனிக்கிழமை ஆடிட் கிளம்புகிறது. அதற்குள் கிழவி பெயரில் நூற்று இருபது ரூபாயைக் கருவூலத்தில் கட்டிச் சலானைக் காட்டினால் ஆட்சேபணையை எடுத்துவிடுவதாக அந்த "ம்" என்பவர் முதன்முதலாக முழு வாக்கியம் பேசினார்.

அன்று எனக்கு வந்த பயத்தை இப்போது நினைத்தால் எனக்கே கௌரவக் குறைச்சலாக இருக்கிறது. பசி அடியோடு போய்விட்டது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டே கான்டீனில் மூன்று வடை தின்றேன். ராஜினாமாக் கடிதம் ஒன்று எழுதிப் பார்த்தேன். நடை நன்றாக வந்திருந்ததால் இரண்டு பேரிடம் படித்துக் காட்டினேன். நானே கடன் வாங்கிக் கட்டிவிடலாம் என்று கேட்டுப் பார்த்ததில், பத்து ரூபாய்க்கு மேல் யாரும் கையைப் பைக்குள் விடவில்லை. ஆடிட்காரர் இருமினாலும் எழுந்து நின்றேன். அவருக்குச் சளி.

மறுநாள் காலை பஸ் பிடித்து விழுப்புரம் போனேன். தப்பு அவர்கள் பக்கம் என்று ஒரு வரி எழுதி வாங்கிவிட்டால் போதும் என்று நினைப்பு. அங்கே என் மாதிரியே ஒருவன், என் மாதிரியே ஒரு நாற்காலியில், என்னைவிடப் பயந்துபோய் உட்கார்ந்திருந்தான்.

"நிறுத்தச் சொல்லி நீங்க எழுதினீங்களா?" என்றான்.

"இல்ல. ஆனா ஆள் இடம் மாறிப் போனது உங்களுக்குத் தெரியுமில்ல? காகிதத்த அனுப்பினதே நீங்கதானே?"

"காகிதம்தான் அனுப்பினோம். நிறுத்தறதுக்கு உத்தரவு வேணுமில்ல? உத்தரவு இல்லாம ஒரு ஏழை வயித்துல அடிக்கச் சொல்றீங்களா சார்?"

அவன் பேச்சு அவ்வளவு நியாயமாக இருந்தது எனக்கு எரிச்சலாக வந்தது. நானும் அவனும் ஜங்ஷன் எதிரில் காப்பி குடித்தோம். காசு நான் கொடுத்தேன். அப்பா கண்ணில் படாமல் சந்து சந்தாகப் போய்ப் பஸ் ஏறினேன். மிச்சம் ஒரே வழிதான்: கிழவியிடமே போய்க் கேட்பது.

கூட்டேரிப்பட்டில் இறங்கி நடந்தேன். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்குகிற காலம். கிழவி ஒரு வேப்பமரத்தடியில் செடிக் குவியலுக்கு நடுவில் உட்கார்ந்து காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் ஆபீசைச் சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது.

"வா சாமி, வா. ஒன்னதான் நெனச்சிக்கினு இருந்தன். இந்த மாசம் ரெண்டுமே வரலியே, இன்னா ஆச்சு?"

ரெண்டுமே! நான் இரண்டு நாளாக ரகசியம் என்று வயிற்றில் கட்டிக்கொண்டு திரிந்த விஷயத்தை அவள் நடுக்கொல்லையில் உரக்கக் கேட்டாள்.

"ஏம்மா, ரெண்டு வர்றது தப்புன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"எனுக்கு எப்பிடி தெரியும்? அனுப்பறவனுக்கே தெரியல."

கூட ஆய்ந்துகொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரிப்பது போல ஒன்று செய்தேன்.

"சரிம்மா. அந்த ரெண்டாவது பணத்த இன்னா பண்ணீங்க? நூத்தி இருவது ரூபா. அத்த திருப்பிக் கட்டணும். கட்டலைன்னா பென்ஷனும் நின்னுடும், எனக்கு வேலையும் போயிடும்." வேலை போகாது, நிரந்தரம்தான் தள்ளிப்போகும். ஆனால் பயத்தில் நான் எதையும் குறைத்துச் சொல்கிற வழக்கம் இல்லை.

"துன்னுட்டன்னு நெனச்சியா? மொதல்ல வர்றது வயித்துக்கு. பின்னால வர்றது என்னிக்கு நிக்குமோ தெரியாத பணம். அத்த நம்பி ஒல வெக்க முடியுமா? அக்காகிட்ட சீட்டுல போட்டுட்டன்."

எனக்கு அவளைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. பணம் இருக்கிறது! அக்கா என்பது அந்த ஓரகத்தி. உப்பு, மிளகாய், மண்ணெண்ணெய் விற்கிற சின்னக் கடை வைத்துக்கொண்டு ஏலச்சீட்டும் நடத்துகிறவள். கடைக்கு ஓடினேன். விஷயத்தை முழுதும் கேட்டுவிட்டு ஒரு டம்ளர் மோர் கொடுத்தாள். அதோடு அவளுடைய இரக்கம் முடிந்தது.

"தம்பி, கவுருமெண்ட்டு பணம் கிவுருமெண்ட்டு பணம்லாம் எனுக்குத் தெரியாது. என் கைக்கு வந்தா அது சீட்டுப் பணம். நடுவுல உருவ முடியாது."

"அம்மா, இது சர்க்கார் விஷயம்."

"சர்க்காரு எங்கிட்ட சீட்டு கட்டுதா? கட்டுனா அதுக்கும் இதே கதிதான். வர்ற வெள்ளிக்கெழம ஏழாஞ்சீட்டு ஏலம். கெழவி இன்னும் எடுக்கல. வேணும்னா வந்து தள்ளி எடுத்துக்கோ."

சீட்டு எளிமையானதுதான். பத்துப் பேர், மாதம் ஆளுக்கு இருபது ரூபாய், மொத்தம் இருநூறு. யாருக்கு அவசரமோ அவர் அந்த மாதத் தொகையில் இவ்வளவைத் தள்ளிக்கொண்டு மிச்சத்தைக் கொடுங்கள் என்று ஏலம் கேட்பார். அதிகம் தள்ளுகிறவருக்குச் சீட்டு. தள்ளிய பணத்தைப் பத்துப் பேரும் பங்கு போட்டுக்கொள்வார்கள். எடுத்தவர் மிச்ச மாதங்களுக்கும் இருபது இருபதாகக் கட்ட வேண்டும். ஊரில் கொஞ்சம் வசதியுள்ளவர்கள் கட்டுகிற சீட்டு அது. நம் அரசாங்கத்தின் தயவால் ஒரு பரம ஏழைக் கிழவி அதில் சேர்ந்திருந்தாள்.

கடை வாசலிலேயே உட்கார்ந்து கணக்குப் போட்டேன். வெள்ளிக்கிழமை கட்ட வேண்டிய ஏழாவது தவணை என் கையிலிருந்து போகட்டும். இருபது ரூபாய்க்குள் தள்ளி எடுத்தால் நூற்று எண்பது கைக்கு வரும். நூற்று இருபது சர்க்காருக்கு, மிச்சம் அறுபது கடைசி மூன்று தவணைக்கு. கிழவிக்குக் காசு நஷ்டமில்லை, பென்ஷனும் திறந்துவிடும். நானும் பர்மனென்ட். இருபதுக்கு மேல் ஒரு பைசா தள்ளக் கூடாது. பஸ்ஸில் திண்டிவனம் வருகிற வரைக்கும் இருபது, இருபது என்று சொல்லிக்கொண்டே வந்தேன். பக்கத்தில் இருந்தவர் என்னைக் கண்டக்டர் என்று நினைத்து டிக்கெட் கேட்டார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடை வாசலில் பாய் விரித்து எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். நான் சட்டைப்பையில் பேனா சொருகிக்கொண்டு போனது தப்பு. ஜப்தி செய்ய வந்திருக்கிறான் என்று இரண்டு பேர் எழுந்து போகப் பார்த்தார்கள். கடைக்கார அம்மாள் அவர்களை உட்கார வைத்தாள்.

"நான் கேட்டா எவன் மதிப்பான்? நீயே கேளு சாமி," என்றாள் கிழவி.

"கேக்கட்டும்," என்றாள் ஓரகத்தி. "ஆனா எங்க சீட்டுல ஒரு மொற இருக்குது. வாயத் தொறந்து கேட்டவன் எவனோ அவந்தான் ஜாமீனு. கெழவி கட்டாட்டி ஒன்னதான் புடிப்பன். சம்மதமா?"

"சம்மதம், சம்மதம்," என்றேன். அவள் சொன்னது என் காதில் விழுந்தது, புத்தியில் விழவில்லை. என் கவனமெல்லாம் அவள் தட்டில் வைத்த கற்பூரத்தின் மேல் இருந்தது. அந்தச் சீட்டில் ஒரு தரம், இரண்டு தரம் கிடையாது. கற்பூரத்தை ஏற்றுவார்கள். அது அணைகிறபோது யார் கேட்ட தொகை நிற்கிறதோ அவருக்குச் சீட்டு. வெள்ளிக்கிழமை என்று பக்தியோடு பெரிய கட்டியாக வைத்திருந்தாள்.

அவளுக்குப் பக்கத்தில் ஒரு மாட்டுத் தரகர். சந்தையிலிருந்து நேராக வந்தவர். மடியில் பெரிய துண்டு, இரண்டு கையும் துண்டுக்கு அடியில். மாட்டுச் சந்தையில் வாயைத் திறந்து விலை பேச மாட்டார்கள் என்பது எங்கள் பக்கத்தில் யாருக்கும் தெரியும். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துத்தான் பேரம். ஐந்து விரல் பிடித்தால் ஒரு விலை, இரண்டு விரல் மடக்கினால் ஒரு விலை. பக்கத்தில் நிற்கிறவனுக்கு எதுவும் தெரியாது, மாட்டுக்கும் தெரியாது.

கற்பூரம் ஏற்றினார்கள்.

"அஞ்சு," என்றேன்.

ஒருவரும் பேசவில்லை. துண்டு அசைந்தது. ஓரகத்தி ஓரக்கண்ணால் துண்டைப் பார்த்துத் தலையை லேசாக ஆட்டினாள். சரிதான், விரலால் கேட்கிறான்.

"பத்து!"

துண்டு மறுபடி அசைந்தது. இந்தத் தடவை விரல்கள் வேகமாகப் போயின. அவள் மறுபடி ஆட்டினாள்.

"பதினஞ்சு. இருவது!"

அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தத்தான் நினைத்தேன். ஆனால் கற்பூரம் இன்னும் திகுதிகுவென்று எரிந்துகொண்டிருந்தது. துண்டு அடங்கவில்லை. விட்டால் அடுத்த மாதம்தான் ஏலம். நாளைக்குச் சனிக்கிழமை. பதிவேட்டில் சிவப்பு மை. பிளாட்பாரத்தில் மாமனார் பச்சைக் கொடியை மடக்கிக்கொண்டு போகிறார்.

"இருவத்தஞ்சு!" என்றேன். கிழவி பின்னாலிருந்து என் சட்டையை இழுத்தாள். தைரியம் கொடுக்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். "முப்பது! முப்பத்தஞ்சு!" சட்டையை இன்னும் பலமாக இழுத்தாள், தையல் விட்டது. தரகர் ஒரு கணம் நிறுத்தித் தலையைச் சொறிந்துகொண்டார், துண்டு மறுபடி முதலிலிருந்து அசைந்தது. என்னடா இவன், விடமாட்டான் போலிருக்கிறதே! "நாப்பது! அம்பது!" சுடர் ஒரு பக்கம் சாய்ந்தது. அணைகிற நேரத்தில் விரலை மடக்கிவிடுவான், படுபாவி. "அறுவது!" என்று கத்திவிட்டேன்.

கற்பூரம் அணைந்தது.

தரகர் தலையை நிமிர்த்தினார். துண்டை விலக்கினார். அடியில் கசங்கிய நோட்டுகள். மாடு விற்ற பணத்தை நாலு பேர் எதிரில் எண்ணக் கூடாது என்று துண்டுக்கு அடியில் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார். நான் போட்ட சத்தத்தில் எண்ணிக்கை தப்பித் தப்பிப் போக, மறுபடி மறுபடி எண்ணியிருக்கிறார். இவர் தவணையை எப்போது கொடுப்பார் என்றுதான் அந்த அம்மாள் பார்த்துப் பார்த்துத் தலையை ஆட்டியிருக்கிறாள்.

"யாரு எடுத்தது?" என்றார் தரகர்.

"கவுருமெண்ட்டு," என்றாள் அவள்.

"எவ்ளோ தள்ளி?"

"அறுவது."

"அடேங்கப்பா! எதுத்து யாரு கேட்டது?"

"யாரும் கேக்கல. அவுரே கேட்டாரு, அவுரே ஏத்தினாரு."

"நீங்க கேக்கலியா?" என்றேன் தரகரிடம். குரல் எனக்கே பரிதாபமாக இருந்தது.

"நான் ரெண்டாஞ்சீட்டே எடுத்துட்டனே சார். எடுத்தவன் எப்பிடி கேக்கறது?"

இன்னும் எடுக்காத மூன்று பேரைப் பார்த்தேன். மூவருக்கும் அவசரமே இல்லையாம். கடைசி வரைக்கும் இருந்து முழுத் தொகையாக எடுக்கலாம் என்றிருந்தார்களாம். ஐந்து ரூபாயோடு நான் வாயை மூடியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். ஆளுக்கு ஆறு ரூபாய் பங்கு கிடைத்தது. அந்தச் சீட்டின் சரித்திரத்திலேயே ஏழாவது மாதத்தில் இப்படி ஒரு பங்கு வந்ததில்லை. ஒருவர் என் கையைப் பிடித்துக் குலுக்கி, "மாசாமாசம் வந்துடுங்க சார்," என்றார். கிழவி மட்டும் தன் ஆறு ரூபாயை முந்தானையில் முடிந்துகொண்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"ஏன் சாமி, ஆபீசுலயும் நீதான் கணக்கு பாக்கறியா?"

கைக்கு வந்தது நூற்று நாற்பது. சனிக்கிழமை காலை நூற்று இருபதைக் கருவூலத்தில் கட்டிச் சலானை வாங்கி ஓடினேன். ஆடிட்காரர் சலானை முன்னும் பின்னும் பார்த்து "ம்" என்றார். ஆட்சேபணையை நீக்கிக் கையெழுத்துப் போட்டார். மத்தியான ரயிலுக்குக் கிளம்பிவிட்டார்கள். மறு மாதமே கிழவிக்குப் பென்ஷனைத் திறந்துவிட்டோம். ஒன்றே ஒன்று, திண்டிவனத்திலிருந்து. மிச்சம் இருந்த இருபதை எட்டாவது தவணைக்குக் கட்டினேன். ஒன்பதாவதும் பத்தாவதும் என் தலையில். கிழவியிடம் கேட்க வாய் வரவில்லை. அவள் கேட்டிருந்தால் ஐந்துக்கு எடுத்திருப்பாள்.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். என்னை நிரந்தரமாக்குகிற காகிதமும் ஆபீசர் மேஜைக்குப் போயிற்று. அன்று ஹெட் கிளார்க்கும் நானும் அவர் அறையில் நின்றுகொண்டிருந்தோம். ஆபீசர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. பேனாவைத் திறந்தார். அப்போது வாசலில் ஒரு குரல்.

"எங்க அந்த தம்பி? வெள்ளிக்கெழம ஏன் வரல?"

ஓரகத்தி! ஒன்பதாவது தவணையை நான் காய்ச்சலில் மறந்துபோயிருந்தேன். பியூன் தடுப்பதற்குள் அறைக்குள்ளேயே வந்துவிட்டாள்.

"யாரும்மா நீ?" என்றார் ஆபீசர்.

"சீட்டு புடிக்கிறவங்க. உங்க ஆளு தவணை கட்டல. கெழவிக்கு ஜாமீன் நின்னாரு."

ஹெட் கிளார்க் கண்ணை மூடிக்கொண்டார். சர்க்கார் ஊழியன் அனுமதி இல்லாமல் யாருக்கும் ஜாமீன் நிற்கக் கூடாது. நின்றால் ஒழுங்கு நடவடிக்கை. வேலையைக் காப்பாற்றுவதற்காக வேலைக்கு உலை வைக்கிற காரியத்தைச் செய்திருக்கிறேன் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. என் வாயிலிருந்து வந்தது இது:

"இவங்க யாருன்னே எனக்குத் தெரியாது சார்."

"தெரியாதா? எங்க கடையில மோர் குடிச்சியே, அது தெரியுமா?"

ஆபீசர் பேனாவை மூடினார். எல்லாவற்றையும் சொல்லச் சொன்னார். நான் சொல்ல ஆரம்பித்து, உளறி, பாதியில் நிற்க, அந்த அம்மாள் எடுத்துக்கொண்டு தொடர்ந்தாள். கற்பூரம், துண்டு, தரகர் எதையும் விடவில்லை. அறுபது என்று சொன்ன இடத்தில் ஆபீசர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"எத்தனாவது சீட்டு?"

"ஏழாவது சார்," என்றேன்.

"பத்துல ஏழாவதுக்கா அறுபது தள்ளினே?" அவர் முகத்தில் நான் அதுவரை பார்க்காத கோபம். "எங்க வீட்டுல சீட்டு நடத்தறாங்க. மூணாவது சீட்டே நாற்பதுக்கு மேல போனதில்ல. நீயெல்லாம் படிச்சவனா?" பிறகு அந்த அம்மாளிடம் திரும்பினார். "ஜாமீன் எழுத்துல இருக்கா?"

"எழுத்து எதுக்குங்க? வாயால சொன்னாரு. பத்துப் பேரு கேட்டாங்க."

"எழுத்துல இல்லைன்னா எனக்கு எதுவும் தெரியாது," என்று சொல்லிவிட்டுப் பேனாவைத் திறந்து கையெழுத்தைப் போட்டார். நான் நிரந்தரமாகிவிட்டேன். போட்டுவிட்டு ஹெட் கிளார்க்கைப் பார்த்து, "இவனைப் பணம் புழங்காத செக்‌ஷனாப் பாத்து மாத்துங்க. இன்னிக்கே," என்றார்.

வெளியே வந்ததும் பையைத் துழாவிப் பதினொரு ரூபாய் எடுத்து, ஹெட் கிளார்க்கிடம் ஒன்பது ரூபாய் கடன் வாங்கி, இருபதாகக் கொடுத்தேன். அந்த அம்மாள் எச்சில் தொட்டு எண்ணி இடுப்பில் சொருகினாள். அடுத்த மாதக் கடைசித் தவணைக்கு நானே வந்துவிடுவதாகச் சொன்னேன்.

"வா. தை மாசம் புதுச் சீட்டு ஒண்ணு ஆரம்பிக்கிறன். ஒன் பேரையும் எழுதிக்கட்டா?"

"வேணாம்மா. எனக்கு ஏலம் கேக்க வராது."

"அதுக்குத்தான் கூப்பிடறன்," என்றாள். "எல்லாரும் ஒன்னத்தான் கேக்கறாங்க."

மறுக்கிற தைரியம் எனக்கு வரவில்லை. எழுதிக்கொள்ளச் சொன்னேன்.